பொறாமைப்பட ஒருவர் தேவை

கிடங்காருக்கு வயிறு எரியத் தொடங்கியது ஒரு செவ்வாய்க்கிழமை காலையில், சலவையிலிருந்து வந்த படுக்கை விரிப்புகளை அடுக்கிக்கொண்டிருந்தபோது. அதற்கு முன்பும் எரிந்ததுண்டு. ஆனால் அதெல்லாம் சில்லறை எரிச்சல். ஒரு டம்ளர் தண்ணீர் குடித்தால் அடங்கிவிடும். இது அப்படி அடங்குகிற ஜாதி இல்லை.

சட்டைப்பையில் போன் மணியடித்தது. ‘உங்களுக்கு நெருக்கமான ஒருவர் முத்திரை பெற்றுள்ளார். வாழ்த்துங்கள்!’ என்று திரையில் வந்திருந்தது. அதன் கீழே அவருடைய சகலையின் சிரித்த முகம். முகத்தைச் சுற்றிப் பொன்னிறத்தில் ஒரு வட்டம். வட்டத்துக்குள் ‘நெருக்கடித் தொடர்பாடல், நிலை இரண்டு’ என்ற எழுத்துகள். கண்ணுக்குத் தெரியாத யாரோ கைதட்டும் சத்தமும் கேட்டது.

“நெருக்கடித் தொடர்பாடலா?” என்றார் கிடங்கார், விரிப்புகளைப் பார்த்து. “போன் அடிச்சா மூணாவது தடவைதானே எடுப்பான்.”

அந்த ஆஸ்பத்திரியின் துணிக்கிடங்கு அவருடைய பொறுப்பு. விரிப்பு, தலையணை உறை, ஆபரேஷன் அங்கி எதுவும் அவர் கையெழுத்தில்லாமல் வெளியே போகாது. ‘கிடங்கு சார்’ என்று கூப்பிடத் தொடங்கி, வாய் சோம்பேறித்தனத்தில் ‘கிடங்கார்’ ஆக்கிவிட்டார்கள். அவருடைய சகலை, அதாவது மனைவியின் தங்கை கணவர், அதே ஆஸ்பத்திரியில் ஆம்புலன்ஸ் அனுப்பும் பிரிவில் இருக்கிறார். சொல்லி வைத்து அந்த வேலையில் சேர்த்துவிட்டதே கிடங்கார்தான். அதற்காக அவர் தன்னை இன்னும் மன்னிக்கவில்லை.

சாதாரண நாளாக இருந்தால் அந்த முத்திரையைப் பார்த்து நாலு வார்த்தை திட்டிவிட்டு வேலையைப் பார்த்திருப்பார். ஆனால் துணிக்கிடங்கு, ஆம்புலன்ஸ் எல்லாம் அடங்கிய வசதிப் பிரிவின் மேற்பார்வையாளர் அந்த வருஷம் ஓய்வு பெறுகிறார். அவருக்குத் தரைத்தளத்தில் ஒரு கண்ணாடி அறை உண்டு. சுழலும் நாற்காலி உண்டு. உள்ளே இருப்பவர் வெளியே எல்லோரையும் பார்க்கலாம். வெளியே இருப்பவர்கள் எல்லோரும் உள்ளே இருப்பவரைப் பார்க்கலாம். கிடங்காருக்கு இரண்டாவதுதான் முக்கியம். ஜன்னல்கூட இல்லாத கிடங்கில் பாதி ஆயுசைக் கழித்தவருக்கு, ஒரு தடவையாவது நாலு பேர் பார்க்க உட்கார வேண்டும் என்ற ஆசை இருக்காதா?

அந்த நாற்காலிக்குப் பட்டம் வேண்டும். கிடங்காரிடம் அரைப் பட்டம்தான் இருந்தது. இரண்டு வருஷம் கல்லூரிக்குப் போனார்; அப்பா படுத்த படுக்கையாகிவிட, படிப்பை விட்டு வேலைக்கு வந்தார். வீட்டுக்கு யார் வந்தாலும் அந்தக் கதையைச் சொல்வார். அதிலும் கணக்கு வாத்தியார் கதையை விடவே மாட்டார். கிடங்கார் தப்பாகப் போட்ட கணக்கைப் பார்த்துவிட்டு, ‘இந்த விடை உனக்கு எந்தச் சந்தையிலய்யா கிடைச்சுது?’ என்று கேட்டு வாத்தியார் சாக்பீஸால் நெற்றியில் அடித்த கதை. வந்தவர்கள் சிரிப்பார்கள். அவர் மனைவி டீயைக் கொடுத்துவிட்டு உள்ளே போய்விடுவார்.

சகலையிடம் அரைப் பட்டம்கூடக் கிடையாது. இப்போது எங்கிருந்தோ முத்திரை வருகிறது. இதே வேகத்தில் போனால் கண்ணாடி அறைக்குள் யார் சுழல்வார் என்று யோசித்துப் பார்த்தார். மதியம் சாப்பாடு இறங்கவில்லை. சாயங்காலம் நேராக, அந்த முத்திரையைத் தரும் திறன் பல்கலைக்கழகத்துக்குப் போய்ச் சேர்ந்துவிட்டார்.

பல்கலைக்கழகம் ஒரு மெத்தைக் கடைக்கு மேல் மாடியில் இருந்தது. படியேறும்போதே மெத்தை வாங்க வந்தவர்களும் பட்டம் வாங்க வந்தவர்களும் இடித்துக்கொண்டார்கள். மேலே ஒரு கூடம், பிளாஸ்டிக் நாற்காலிகள், குளிர்சாதனம். டாக்சி ஓட்டுபவர், அழகு நிலையம் வைத்திருக்கும் பெண், பேரன் பேத்தி எடுத்தவர் என்று கலந்துகட்டி உட்கார்ந்திருந்தார்கள். துணைவேந்தர் மேடையேறி, “மரபுசாரா மாணவர்களே” என்று தொடங்கினார். மரபுசாரா எரிசக்தி என்று கிடங்கார் கேள்விப்பட்டிருக்கிறார். தன் வயிற்றை நினைத்துப் பார்த்தபோது அந்தப் பெயர் தனக்கும் பொருந்தும் என்றுதான் பட்டது.

“இங்கே வகுப்புகள் கிடையாது,” என்றார் துணைவேந்தர். “வாத்தியார் என்று ஒருவர் எதிரே நின்றால், உங்களுக்கு ஏதோ தெரியாது என்று அர்த்தமாகிவிடுகிறது. அந்த அவமானத்தை நாங்கள் ஒழித்துவிட்டோம். நூலகம் கிடையாது. நூலகம் இருந்தால், படிக்காதவர் யார் என்று தெரிந்துவிடுகிறது. தேர்வு கிடையாது. தேர்வு என்றால் சிலர் தோற்கிறார்கள். எங்கள் தகவல் தொடர்புத் துறைக்கு அது வேலையைக் கூட்டுகிறது. கட்டணத்தை மட்டும் பழைய முறைப்படி வைத்திருக்கிறோம். மரபை அடியோடு கைவிட்டுவிடக் கூடாது.”

கூடத்தில் பலத்த கைதட்டல். அழகு நிலையப் பெண் கைதூக்கி, “அப்ப நாங்க என்னதாங்க படிப்போம்?” என்று கேட்டார்.

“படிக்க வேண்டாம். உங்களிடம் ஏற்கெனவே திறன் இருக்கிறது. நாங்கள் அதைக் கண்டுபிடிக்கிறோம். கண்டுபிடித்ததற்கு டிஜிட்டல் முத்திரை தருகிறோம். முத்திரைகள் சேர்ந்தால் பட்டம். ஒவ்வொரு முத்திரையும் உங்கள் போனில் இருக்கிற அத்தனை பேருக்கும் தானாகப் போய்ச் சேரும். முத்திரை வாங்கியவரைவிட அதைப் பார்த்தவர்தான் எங்களுக்கு முக்கியம். இந்தக் கூடத்தில் அறிவுத் தாகத்தால் வந்தவர்கள் கைதூக்குங்கள்.”

யாரும் தூக்கவில்லை.

“மிக்க மகிழ்ச்சி. தாகம் ஒரு கட்டத்தில் தீர்ந்துவிடும். நம்முடையது தீராது.”

திறன் இருப்பதை யார் சொல்வது என்பதற்கும் அவரிடம் பதில் இருந்தது. “அம்மா சொன்னால் நம்ப முடியுமா? நண்பன் சொன்னால்? உங்கள் திறமையைக் கண்கொத்திப் பாம்பாகப் பார்த்து, எதையும் மறக்காமல் மனதில் வைத்திருக்கும் மனிதர் உலகத்திலேயே ஒருவர்தான். உங்கள்மேல் பொறாமைப்படுபவர். எனவே இங்கே பொறாமைச் சாட்சி மட்டுமே செல்லும். உங்கள் உறவிலோ வேலையிடத்திலோ உங்களைப் பார்த்து வயிறெரியும் ஒருவரை நாங்கள் அணுகுவோம். அவர் பேசப் பேச, உங்கள் திறன்கள் தாமாக வெளியே வரும்.”

கிடங்கார் நிமிர்ந்து உட்கார்ந்தார். வயிறெரிபவர்களுக்கா பஞ்சம் என்று நினைத்துக்கொண்டார். அவருக்குத் தெரிந்த ஒரே வயிறு அவருடையதுதான் என்பது அப்போது உறைக்கவில்லை.

மறுவாரமே கிடங்குக்குப் போன் வந்தது. பேசியவர் பல்கலைக்கழகத்தின் சாட்சி அலுவலர், தேன் ஒழுகும் குரலில் ஒரு பெண்.

“சார், உங்க சகலைக்கு நீங்கதான் பொறாமைச் சாட்சி. போனை முகம் தெரியற மாதிரி வெச்சுக்கறீங்களா?”

தலையணை உறைக் கட்டின்மேல் போனைச் சாய்த்து வைத்தார். திரையின் ஓரத்தில் ஒரு பச்சைக் கோடு தெரிந்தது.

“உங்க சகலை புது வண்டி வாங்கினப்போ உங்களுக்கு என்ன தோணுச்சு?”

“சந்தோஷம்.”

கோடு அசையவில்லை.

“சார், பல்கலைக்கழகம் கேக்குது. உண்மையைச் சொல்லணும்.”

“கலர் அவ்வளவு நல்லா இல்லன்னு தோணுச்சு.”

கோடு லேசாகத் துடித்தது. அலுவலர் காத்திருந்தார். கிடங்கார் சுற்றுமுற்றும் பார்த்தார். விரிப்புகளைத் தவிர யாரும் இல்லை.

“எங்க மாமனார் அந்த வண்டியில முதல்ல ஏறி உக்காந்துட்டாரும்மா. என் வண்டியில ஏறச் சொன்னா முதுகு வலிக்குதும்பாரு. அவன் வண்டியில ஏறினதும் முதுகு எங்க போச்சு?”

கோடு பாதிக்கு மேல் ஏறியது. “அருமை சார்,” என்றார் அலுவலர். “இந்த மாசத்துல இவ்வளவு சுத்தமா நான் யார்கிட்டயும் பார்க்கல. இனி அவரைப் பத்தி மனசுல உள்ளதைக் கொட்டுங்க.”

மடை திறந்தது. கிடங்காருக்குக் கணக்கு எளிமையாக இருந்தது: சகலையைப் பற்றிக் கெட்டதாகச் சொல்ல வேண்டும், அவன் பட்டம் அத்தோடு ஒழிய வேண்டும். வேலை நேரத்தில் உட்கார்ந்தபடியே தூங்குவதைச் சொன்னார். மாமனார் வீட்டுக்குப் போனால் மின்விசிறிக்குக் கீழே உள்ள நாற்காலியை முதலில் பிடித்துக்கொள்வதைச் சொன்னார். தான் சொன்ன நகைச்சுவையை மறுவாரம் அவனே சொல்லிக் கைதட்டு வாங்கியதைச் சொன்னார். எந்த வேலையைக் கொடுத்தாலும் ‘பார்த்துக்கறேன்’ என்று சொல்லி, கடைசியில் வேறு ஒருவரைப் பார்க்க வைப்பதைச் சொன்னார். பேசி முடித்தபோது வயிறு குளிர்ந்திருந்தது. அன்று வீட்டுக்குப் போகிற வழியில் அவர் சீட்டியடித்ததாகக்கூடச் சொல்கிறார்கள்.

மறுநாள் காலை போன் ஓயாமல் மணியடித்தது. சகலையின் முகம் மறுபடி மறுபடி பொன் வட்டத்துக்குள் வந்து சிரித்தது. ஆற்றல் மேலாண்மை, நிலை மூன்று. உகந்த இடத்தேர்வு, நிலை நான்கு. அறிவுப் பரிமாற்றம். பணிப் பகிர்வில் தலைமை. ஒவ்வொன்றுக்கும் கைதட்டல் வேறு.

கிடங்கார் அலுவலரைக் கூப்பிட்டார். “என்னம்மா இது? நான் குறையா சொன்னேன்.”

“குறைன்னு ஒண்ணு எங்க பட்டியல்லயே இல்ல சார். மனுஷன் செய்யற எல்லாமே ஒரு திறன்தான். தூங்கறதுக்கும் தெரியணுமே. உங்க சாட்சி ரொம்ப ஆழமா இருந்துச்சு. துணைவேந்தரே ஒரு தடவை போட்டுக் கேட்டாரு.”

“அப்ப நான் சொன்னதை வாபஸ் வாங்கிக்கறேன். அவன் தங்கமானவன். ரொம்ப நல்லவன்.”

“அது செல்லாது சார். கோடு ஏறல.”

சாயங்காலம் சகலை ஒரு பெட்டி இனிப்போடு கிடங்குக்கு வந்தார். உருண்டையான, கவலையே இல்லாத மனிதர். “சகல, நீங்கதான் என்னைப் பத்தி சொன்னீங்களாமே. இவ்வளவு கவனிச்சிருக்கீங்கன்னு எனக்கே தெரியாது,” என்று கிடங்காரின் கையைப் பிடித்துக்கொண்டார். கண் கலங்கியிருந்தது. கிடங்கார் இனிப்பை வாங்கித் தலையணை உறைகளுக்குப் பின்னால் வைத்தார்.

“சரி, என்னைப் பத்தி உங்ககிட்ட கேட்டாங்களா?” என்றார்.

“கேட்டாங்களே. அரை மணி நேரம் உங்களைப் புகழ்ந்து தள்ளிட்டேன்.”

அந்த அரை மணி நேரத்துக்கு என்ன விலை என்பது இரண்டு நாளில் தெரிந்தது. கிடங்காரின் கணக்கில் ஒரு முத்திரைகூட ஏறவில்லை. மெத்தைக் கடை மாடிக்கு ஓடினார். சாட்சி அலுவலர் குரலைப் போலவே முகத்திலும் தேன் தடவியிருந்தார். கணினியைத் திருப்பிக் காட்டினார். சகலையின் சாட்சி ஓடியது: அகன்ற சிரிப்பு, நிற்காத பேச்சு. பச்சைக் கோடு அடிமட்டத்தில் செத்துக் கிடந்தது.

“அவருக்கு உங்க மேல பொறாமையே இல்ல சார்.”

“கொஞ்சம்கூடவா?”

“நாங்க துருவித் துருவிக் கேட்டோம். ‘என் சகலை மேல எதுக்குங்க பொறாமை?’ன்னு அவர் எங்களையே திருப்பிக் கேட்டார். அவரைக் குத்தம் சொல்ல முடியாது. எங்களுக்கே பதில் தெரியல.”

கிடங்காருக்கு வாழ்நாளில் அதுவரை யாரும் அவ்வளவு வலிக்கச் சொன்னதில்லை. தான் வருஷக்கணக்காக எரிந்துகொண்டிருக்க, எதிராளி குளிர்காயக்கூட வரவில்லை. மாமனார் வீட்டு நாற்காலிக்காகத் தான் நடத்திய போர் ஒருதலைப் போர் என்பது அன்றுதான் விளங்கியது.

“வேற யாராவது இருப்பாங்க சார்,” என்றார் அலுவலர் ஆறுதலாக. “எல்லாருக்கும் ஒருத்தராவது இருப்பாங்க. ஆஸ்பத்திரி விண்ணப்பத்துக்கு இன்னும் நாள் இருக்கே, தேடிப் பாருங்க.”

தேடினார். மனிதர்கள் வரன் தேடுவார்கள், வீடு தேடுவார்கள். தன்மேல் பொறாமைப்பட ஒரு ஆள் தேடியவர் அந்த வட்டாரத்தில் கிடங்கார் ஒருவராகத்தான் இருக்கும்.

முதலில் ஆஸ்பத்திரி சலவைக்காரர். கிடங்குக்கும் சலவைக் கூடத்துக்கும் ஒரு சுவர்தான் இடைவெளி. ‘நான் உக்காந்து வேலை பார்க்கறேன், நீ நின்னு பார்க்கற. பொறாமையா இருக்குமே?’ என்று தூண்டிலைப் போட்டார். “உங்களைப் பார்த்தாவா?” என்றார் சலவைக்காரர். “எனக்காவது ஜன்னல் இருக்கு சார். நீங்க அந்தப் பொந்துக்குள்ள எப்படி இருக்கீங்கன்னு நானும் என் சம்சாரமும் அடிக்கடி பேசிக்குவோம்.” அலுவலர் போனில் அளந்து பார்த்ததில் அது இரக்கம் என்று வந்தது. இரக்கத்துக்கு மதிப்பெண் கிடையாது.

அடுத்தது சொந்தத் தம்பி. ‘அப்பா என்னைத்தானே காலேஜுக்கு அனுப்பினார்’ என்று எடுத்துக் கொடுத்தார். தம்பி, “அதனாலதாண்ணே எனக்கு அந்தப் படிப்புத் தொல்லையெல்லாம் வந்து சேரல. தப்பிச்சேன்,” என்றார். கோடு, நிம்மதி என்று காட்டியது.

மாடி வீட்டு எலெக்ட்ரீஷியனுக்காகக் கிடங்கார் புது பூட்ஸ் வாங்கினார். அவர் வீட்டு வாசலில் நாலு தடவை மேலும் கீழும் நடந்தார். எலெக்ட்ரீஷியன் கதவைத் திறந்து, “கால் கடிக்குதா சார்? நடையைப் பார்த்தா அப்படித்தான் தெரியுது,” என்று பஞ்சு கொண்டுவந்து கொடுத்தார். உண்மையிலேயே கடித்தது.

பூட்ஸைக் கழற்றிப் போட்டுவிட்டு வீட்டுக்குள் வந்து உட்கார்ந்தார் கிடங்கார். அவர் மனைவி கொடியிலிருந்து எடுத்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தார். அந்தப் பக்கத்துப் பள்ளிக்கூடம் ஒன்றில் மணியடிக்கிற வேலை அவருக்கு. முதல் மணி, இடைவேளை மணி, கடைசி மணி எல்லாம் அவர் கை. கலியாணமான மறுவருஷம் தொடங்கிய வேலை.

“என் மேல பொறாமைப்பட இந்த உலகத்துல ஒரு நாதி இல்ல,” என்றார் கிடங்கார். “இவ்வளவு நாள் என்னத்தை வாழ்ந்தேன்னு தெரியல.”

மனைவி ஒரு சட்டையின் கையை மடக்கிவிட்டு, “ஊரெல்லாம் கேட்டீங்க. என்னைக் கேக்கலையே,” என்றார்.

கிடங்காருக்குச் சிரிப்பு வந்தது. “நீ என் பொண்டாட்டிம்மா. நீ நல்லதாத்தானே சொல்லுவ. அது செல்லாது.”

“போனைப் போடுங்க.”

குரலில் இருந்த ஏதோ ஒன்று அவரை மறுபேச்சில்லாமல் போனைப் போட வைத்தது. மனைவி அதை வாங்கி, மடித்த துணிகளின்மேல் சாய்த்து வைத்தார். அலுவலர் வழக்கமான தேனோடு, “அம்மா, உங்க கணவர் மேல உங்களுக்குப் பொறாமை இருக்கா?” என்று கேட்டார்.

“இருக்கு.”

அந்த ஒரு சொல்லுக்கே கோடு பாதி ஏறிவிட்டது. கிடங்கார் நாற்காலியின் நுனிக்கு வந்தார்.

“எதுக்கும்மா?”

“ரெண்டு வருஷம் காலேஜ் போனார். பாதியில விட்டுட்டேன், பாதியில விட்டுட்டேன்னு வர்றவங்க போறவங்ககிட்டல்லாம் வருத்தமா சொல்வார். நான் டீயை வெச்சுட்டு உள்ள போயிடுவேன். பாதியில விடறதுக்கு எனக்கு என்ன இருந்துச்சு? பன்னெண்டாவதுல நல்ல மார்க். அந்தப் பேப்பர் கைக்கு வர்றப்போ என் கழுத்துல தாலி இருந்துச்சு.”

கோடு ஏறியது. மனைவி அதைப் பார்க்கவில்லை. மடித்த துணியையே மறுபடி பிரித்து மடித்துக்கொண்டிருந்தார்.

“அவர் கிடங்குக்கு ஒரு பூட்டு இருக்கு. சாவி அவர்கிட்டதான். உள்ள போய் ஒரு மணி நேரம் சும்மா உக்காந்தாலும் ஏன்னு கேக்க ஆள் இல்ல. எனக்கு எங்கயுமே அப்படி ஒரு கதவு கிடையாது. நான் மணி அடிச்சா ஆயிரம் பேரு கிளாஸுக்குள்ள போறாங்க. நான் வராந்தாவுலயே நிப்பேன். அப்புறம்…” அவர் இன்னொரு சட்டையை எடுத்தார். “வாத்தியார் சாக்பீஸால அடிச்ச கதைன்னு ஒண்ணு வெச்சிருக்கார். எல்லாரும் சிரிப்பாங்க. எனக்கு வயிறு பத்திக்கிட்டு எரியும். தப்பா போட்டதைப் பார்த்து திட்டறதுக்குக்கூட ஒருத்தர் இருந்திருக்கார் பாருங்க இவருக்கு.”

கோடு உச்சியில் போய் முட்டி அங்கேயே நின்றுவிட்டது. அலுவலரின் குரலில் முதன்முறையாகத் தேன் குறைந்திருந்தது. “போதும்மா,” என்றார். “ரொம்ப நன்றி.” அழைப்பு நின்றது.

ஊரெல்லாம் தேடிய பொருள் வீட்டிலேயே, கலியாணமான நாளிலிருந்து, தன் சட்டைகளை மடித்துக்கொண்டிருந்திருக்கிறது. கிடைத்தால் துள்ளிக் குதிப்போம் என்று நினைத்திருந்தார். உட்கார்ந்த இடத்திலிருந்து எழுந்திருக்கவே முடியவில்லை.

“ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே,” என்றார் கடைசியில்.

“எதை? உங்க கதையிலதான் எல்லாரும் சிரிச்சுட்டு இருந்தாங்களே.”

அந்த நேரம் பார்த்துத் துணிகளின்மேல் இருந்த போன் கைதட்டத் தொடங்கியது. கிடங்காரின் முகம் பொன் வட்டத்துக்குள் வந்தது. அணுகல் கட்டுப்பாடு, நிலை ஐந்து. கடுமையான பின்னூட்டம் ஏற்றல், நிலை ஐந்து. எல்லாவற்றுக்கும் மேலாக, பாதியில் வெளியேறும் திறன், தனிச்சிறப்பு நிலை. அன்று மாலைக்குள் பட்டமும் வந்துவிட்டது. மனைவியின் போனுக்கும் போயிருந்தது: ‘உங்களுக்கு நெருக்கமான ஒருவர் பட்டம் பெற்றுள்ளார். வாழ்த்துங்கள்!’ அவர் அதைப் பார்த்துவிட்டு விளக்குப் போட எழுந்து போனார்.

ஆஸ்பத்திரியில் நேர்காணலுக்குக் கிடங்காரும் சகலையும் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார்கள். நிர்வாகியும் அதே பல்கலைக்கழகத்தில் படிப்பவர். அவருக்கு ‘தீர்மானம் எடுத்தல், நிலை ஒன்று’ இன்னும் வரவில்லை என்பதால் கொஞ்சம் பதற்றமாக இருந்தார்.

“ரெண்டு பேருக்கும் பட்டம் இருக்கு. ரெண்டு பேருக்கும் எல்லாத் திறனும் இருக்கு,” என்றார். “அதனால சாட்சிகளைப் படிச்சேன். மேற்பார்வைன்னா என்ன? ஒருத்தர் கண்ணாடிக்குள்ள உக்காந்திருக்கார். மத்தவங்க பார்த்து ஏங்கணும். ஏங்கினாத்தான் வேலை நடக்கும். நானே அப்படித்தான் இந்த இடத்துக்கு வந்தேன், இப்பவும் மேல் மாடியைப் பார்த்து ஏங்கறேன். உங்க விஷயத்துல,” என்று கிடங்காரைப் பார்த்தார், “வீட்டுக்காரம்மாவைத் தவிர யாரும் ஏங்கல. அவங்க இங்க வேலை பார்க்கல. இவர் விஷயத்துல அப்படியில்ல. கூட வேலை பார்க்கற ஒருத்தர் இவரைப் பத்தி எவ்வளவு சொல்லியிருக்கார். தூங்கறதைக்கூட விடல. அந்த ஒரு சாட்சி போதும். படிச்சுட்டு எனக்கே லேசா பொறாமை வந்துடுச்சு.”

சகலைக்கே நாற்காலி போயிற்று. வெளியே வந்ததும் அவர் கிடங்காரைக் கட்டிப்பிடித்து, “சகல, இது நீங்க போட்ட பிச்சை,” என்றார். நூற்றுக்கு நூறு உண்மை. கிடங்கார் வயிறு எரியும் என்று காத்திருந்தார். கண்ணாடிக்குள் சகலை உட்கார்ந்து ஒரு சுற்றுச் சுற்றியதையும் நின்று பார்த்தார். ஒன்றும் எரியவில்லை. தனக்கு உடம்பு ஏதும் சரியில்லையோ என்றுதான் முதலில் நினைத்தார்.

அன்றே மெத்தைக் கடை மாடிக்குப் போய், மனைவியைச் சேர்க்க வேண்டும் என்று கேட்டுப் பார்த்தார். அலுவலர் ஆவலாக எழுந்தார். ஆனால் மனைவியிடம் சொன்னபோது அவர், “அங்க வாத்தியார் இருக்காங்களா?” என்று மட்டும் கேட்டார். இல்லை என்றதும், “அப்ப அங்க எனக்கு என்ன வேலை?” என்று சொல்லிவிட்டார்.

வேலைக்குப் போகிறவர்களுக்கென்று மாலைக் கல்லூரி ஒன்று இருந்தது. முத்திரை கிடையாது, பொன் வட்டம் கிடையாது. கால் ஆடுகிற பெஞ்சுகளும், பாதி அழிந்த கரும்பலகையும், எப்போதும் எதற்கோ கோபமாக இருக்கும் ஒரு கணக்கு அம்மாவும் இருந்தார்கள். மனைவி அதில் சேர்ந்தார். முதல் நாள் கிடங்கார்தான் வண்டியில் கொண்டுபோய் விட்டார். வாசலில் நின்று, எப்போது முடியும், எங்கே காத்திருக்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டிருந்தார். உள்ளே யாரோ மணி அடித்தார்கள். மனைவி அவருக்குப் பதில்கூடச் சொல்லாமல், புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு உள்ளே ஓடினார். மணி சத்தத்துக்கு அவர் ஓடி அன்றுதான் கிடங்கார் பார்த்தார்.

வீட்டுக்குப் போக மனமில்லை. சுற்றிவந்து வகுப்பு ஜன்னலுக்கு வெளியே நின்றார். கணக்கு அம்மா பலகையில் ஒரு கணக்கை எழுதிவிட்டு, மூன்றாவது பெஞ்சைப் பார்த்துக் கையை நீட்டினார். அவர் மனைவி எழுந்து ஒரு விடை சொன்னார்.

“தப்பு,” என்றார் கணக்கு அம்மா. “எப்படிம்மா இது வந்துச்சு உனக்கு? தலையும் இல்ல, வாலும் இல்ல. உக்காரு. முதல்லேருந்து போடு.”

வகுப்பில் இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். மனைவி உட்கார்ந்தார். குனிந்து எழுதத் தொடங்கியவரின் முகம் ஜன்னல் வழியாகத் தெரிந்தது. அவ்வளவு சந்தோஷமாக அந்த முகத்தைக் கிடங்கார் எந்த நாளிலும் பார்த்ததில்லை.

அப்போது பற்றிக்கொண்டது. வண்டிக்கும் நாற்காலிக்கும் கண்ணாடி அறைக்கும் எரிந்ததெல்லாம் ஒரு எரிச்சலா என்று நினைக்கும்படி எரிந்தது. சட்டைப்பையில் போன் அதிர்ந்தது. ‘மிக உயர்ந்த தரத்தில் பொறாமை கண்டறியப்பட்டுள்ளது. சாட்சி சொல்லச் சம்மதமா?’ அவர் அதை அணைத்துப் பைக்குள் போட்டார்.

பலகையில் இருந்த கணக்கை அவரும் மனதுக்குள் போட்டுப் பார்த்தார். இரண்டு தடவை போட்டார். ஒரு விடை வந்தது. சரியா தப்பா என்று கேட்க, பட்டதாரியான அவருக்கு யாரும் இல்லை.